யார் கணக்கில்? – வாய்க்கால் கம்பெனிகளின் வரலாறு

ஆரணியில் என் தகப்பனார் நெல் கமிஷன் மண்டி வைத்திருந்தார். அறுவடைக் காலத்தில் மண்டி முழுக்க மூட்டை அடுக்கியிருக்கும். புதிதாக வருகிறவர்கள், "நயினாருக்கு என்ன குறைச்சல்!" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். உண்மையில் அந்த மூட்டைகளில் ஒன்றுகூட எங்களுடையது அல்ல. குடியானவர் கொண்டுவந்து போடுவார். விற்றவுடன் தரகும் கூலியும் கழித்து மீதியை அவர் பேரில் வரவு வைப்போம். பேரேடு எழுதக் கற்றுக்கொடுத்தபோது தகப்பனார் ஒன்று சொன்னார்: "சரக்கு எங்கே இருக்குன்னு பார்க்காதே. யார் கணக்கில இருக்குன்னு பாரு."

இதுவரை கல்வெட்டு, சமணப் பள்ளி, தமிழ் நூல் என்று இம்மலரில் எழுதிவந்த நான், இம்முறை வாணிப வரலாறு ஒன்றை எழுத விரும்பினேன். மலர்க் குழுவினர் அன்புடன் இசைந்தனர். பன்னாட்டுக் கம்பெனிகள் தமக்கு வேண்டிய பணத்தை நேரே வாங்காமல், மூன்றாவது நாடொன்றில் சிறு நிதிக் கம்பெனியைத் தொடங்கி அதன் வழியாக வாங்கும் பழக்கம் ஒரு நூற்றாண்டுக்கு நெருங்கிய வயதுடையது. இதற்கு 'வாய்க்கால் கம்பெனி' என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். வாய்க்காலில் நீர் ஓடும், தங்காது. ஏரியும் அதனுடையது அல்ல, வயலும் அதனுடையது அல்ல. மண்டியும் ஒருவகை வாய்க்கால்தான். ஆனால் மண்டிக்காரன், "இது என் நெல் அல்ல" என்று பேரேட்டில் எழுதிவைக்கிறான். வாய்க்கால் கம்பெனியோ, "இது என் பணம்தான்" என்று எழுதிவைக்கிறது. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

பேசல் நகரம், 1928: சாயமும் ஃபிலிமும்

ஜெர்மனியின் பெரும் இரசாயனக் கூட்டு நிறுவனம் ஐ.ஜி. ஃபார்பன். சாயம், மருந்து, உரம், புகைப்பட ஃபிலிம் என எல்லாத் துறையிலும் அதற்குக் கை இருந்தது. முதல் உலகப் போரின்போது அமெரிக்கா, தன் மண்ணில் இருந்த ஜெர்மானியர் கம்பெனிகளையும் காப்புரிமைகளையும் எதிரிச் சொத்து என்று பறிமுதல் செய்தது. பட்டறிவு பெற்ற ஜெர்மானியர் அடுத்த தடவை அப்படி ஏமாற விரும்பவில்லை.

1928-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் 'ஐ.ஜி. கெமி' என்ற முதலீட்டு நிறுவனம் உருவானது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஐ.ஜி.' தொடங்கப்பட்டு, 3 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. அக்கடனுக்கு ஜாமீன் நின்றது ஜெர்மன் தாய் நிறுவனம். ஆனால் அமெரிக்கக் கம்பெனியின் பங்குகள் பேசல் கம்பெனியின் கையில் இருந்தன. சுவிஸ் நாடு நடுநிலை நாடு. ஆகவே ஃபிலிமும் சாயமும் செய்யும் அமெரிக்கத் தொழிற்சாலையின் உடைமையாளர் காகிதப்படி சுவிஸ்காரர். பேசல் கம்பெனியின் தலைமையில் இருந்தவரோ ஐ.ஜி. ஃபார்பனின் நிதித் தலைவரான ஹெர்மன் ஷ்மிட்ஸ்!

1940-ல் ஜெர்மன் கம்பெனிக்கும் பேசல் கம்பெனிக்கும் இடையே இருந்த ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. இனி எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். அமெரிக்கா நம்பவில்லை. 1942-ல் 'ஜெனரல் அனிலின் அண்ட் ஃபிலிம்' என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பெனியின் பங்குகளை எதிரிச் சொத்தாகக் கைப்பற்றியது. போர் முடிந்ததும் பேசல் கம்பெனி 'இன்டர்ஹாண்டல்' என்று பெயர் மாற்றிக்கொண்டு பங்குகளைத் திருப்பிக் கேட்டது. வழக்கு நீண்டது. 1957-ல் சுவிஸ் அரசே ஹேக் நகரச் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போயிற்று. அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு இன்னும் முடியவில்லை என்ற காரணத்தால் 1959-ல் அந்த மனு ஏற்கப்படவில்லை. கடைசியில் 1963-ல் சமரசம் ஏற்பட்டது. 1965-ல் பங்குகள் 32 கோடி டாலருக்கு மேல் ஏலம் போயின. தொகை இரு பக்கமும் பங்கிடப்பட்டது.

பணம் யாருடையது என்ற கேள்விக்குப் பல ஆண்டு வழக்காடியும் தீர்ப்பு என்று ஒன்று கிடைக்கவில்லை, சமரசம்தான் கிடைத்தது. பின்னால் வந்த கதைகளுக்கெல்லாம் இது முன்னுரை எனலாம்.

குராசோ: தீவில் திறந்த கடை

அடுத்த ஊர் கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவு. டச்சு ஆட்சிக்குட்பட்ட ஆன்டிலிஸ் தீவுக்கூட்டத்தின் தலைநகர் அங்கே இருந்தது. 1940 மே மாதம் ஹிட்லரின் படை நெதர்லாந்துக்குள் நுழைந்த நேரத்தில், ஃபிலிப்ஸ் போன்ற டச்சு நிறுவனங்கள் தம் சட்டபூர்வ முகவரியைக் குராசோவுக்கு மாற்றின. தொழிற்சாலை ஐரோப்பாவில், முகவரி தீவில். அன்று அது உயிர் தப்பும் வழி. ஆனால் பிறர் நாட்டுக் கம்பெனிக்கு முகவரி கொடுக்கத் தெரிந்த வக்கீல்களும் நோட்டரிகளும் அதன் பயனாகத் தீவில் வளர்ந்தார்கள்.

1948-ல் அமெரிக்காவும் நெதர்லாந்தும் செய்துகொண்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் 1955-ல் ஆன்டிலிஸுக்கும் நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டாருக்கு வட்டி கொடுத்தால் 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுக்க வேண்டும். இந்த ஒப்பந்தப்படி ஆன்டிலிஸ் கம்பெனிக்குக் கொடுக்கும் வட்டியில் பிடித்தம் இல்லை.

நம் கடைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஓர் அமெரிக்கக் கம்பெனி ஐரோப்பியரிடம் 1,000 டாலர் கடன் வாங்குகிறது. வட்டி 80 டாலர் என்று வையுங்கள். நேரே வாங்கினால் 24 டாலர் வரிக்குப் போய்க் கடன் கொடுத்தவர் கையில் 56 தான் சேரும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு முழுசாக 80 சேர வேண்டுமானால் கம்பெனி சுமார் 114 டாலர் கொடுக்க வேண்டும். அதற்குப் பதில் குராசோவில் ஒரு துணை நிறுவனம். அது ஐரோப்பாவில் கடன் பத்திரம் விற்கும், தாய் நிறுவனம் ஜாமீன் நிற்கும். வந்த பணத்தை அப்படியே தாய்க்குக் கடன் கொடுக்கும். தாய் கொடுக்கும் வட்டி பிடித்தமில்லாமல் குராசோவுக்கும், குராசோவிலிருந்து பிடித்தமில்லாமல் ஐரோப்பாவுக்கும் போகும். நடுவில் சிறு வித்தியாசம் நிற்கும்; அதன்மேல் தீவு அரசுக்குக் கொஞ்சம் வரி கிடைக்கும். எல்லாருக்கும் லாபம், அமெரிக்கக் கஜானாவைத் தவிர.

இதில் துறை வேறுபாடே கிடையாது என்பது கவனிக்கத்தக்கது. எண்ணெய் விற்ற டெக்ஸாகோவுக்கு அங்கே கம்பெனி. இரசாயனம் செய்த டூபாண்டுக்கு ஒன்று. சில்லறை வியாபாரம் செய்த சியர்ஸுக்கு ஒன்று. குளிர்பானம் விற்ற பெப்ஸிகோவுக்கு ஒன்று. மேலே விற்கும் சரக்குதான் வேறு, அடியில் ஓடும் வாய்க்கால் ஒரே மாதிரி.

இதை அமெரிக்க அரசு அறியாமல் இருந்ததா? இல்லை. நாட்டை விட்டு டாலர் வெளியேறுவதைத் தடுக்க, 1963-ல் ஜனாதிபதி கென்னடி அந்நியப் பத்திரங்களை வாங்கும் அமெரிக்கர்மேல் ஒரு வரியை முன்மொழிந்தார். அதே ஆண்டு இத்தாலிய நெடுஞ்சாலை நிறுவனம் லண்டன் சந்தையில் 1.5 கோடி டாலருக்கு வெளியிட்ட பத்திரத்தை முதல் யூரோ பத்திரம் என்பார்கள். 1968-ல் ஜனாதிபதி ஜான்சன், அமெரிக்கக் கம்பெனிகள் வெளிநாட்டு முதலீட்டுக்கு உள்நாட்டுப் பணத்தை எடுத்துப் போவதைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தினார். அப்படியானால் வெளியே கடன் வாங்கு என்றுதானே பொருள்? கம்பெனிகள் வாங்கின. 1974-ல் கட்டுப்பாடுகள் நீங்கின. அப்புறமும் பழகிய வழி பழகிய வழியாகவே இருந்தது. உள்நாட்டுச் செலவுக்கான கடனும் குராசோ வழியாகவே வந்தது.

1984 ஜூலையில் அமெரிக்கா இத்தகைய பத்திர வட்டிமேல் இருந்த 30 சதவீதப் பிடித்தத்தையே நீக்கிவிட்டது. குராசோவுக்கு இனி யாரும் போக வேண்டியதில்லை. அரசு வருமானத்தில் பெரும் பங்கை இந்தத் தொழிலிலிருந்து பெற்றுவந்த அச்சிறு நாடு ஒரே கையெழுத்தில் பிழைப்பை இழந்தது. 1987 ஜூனில் ஒப்பந்தத்தையே ரத்து செய்வதாக அமெரிக்கா அறிவித்தபோது, பழைய பத்திரங்களின் விலை சரிந்து கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே வட்டிச் சலுகையை மட்டும் விட்டுவைப்பதாகத் திருத்திச் சொன்னார்கள். 2010 அக்டோபர் 10 அன்று நெதர்லாந்து ஆன்டிலிஸ் என்ற நாடே கலைக்கப்பட்டு விட்டது.

ஒன்பது புரோநோட்டுகள்

இடையில் நடந்த ஒரு வழக்கைச் சொல்லாமல் போக முடியாது. தொகை சிறியது, பாடம் பெரியது. 'ஏக்கன் இண்டஸ்ட்ரீஸ்' வழக்கு, அமெரிக்க வரி நீதிமன்றம், 1971.

ஓர் அமெரிக்கக் கம்பெனி, தன் குழுமத்தைச் சேர்ந்த பஹாமாஸ் கம்பெனியிடம் 22,50,000 டாலர் கடன் வாங்கி, 4 சதவீத வட்டிக்கு நோட்டு எழுதிக் கொடுத்தது. பஹாமாஸுக்கு ஒப்பந்தம் கிடையாது. 30 சதவீதப் பிடித்தம் உண்டு. ஹோண்டுராஸ் நாட்டுக்கோ ஒப்பந்தம் உண்டு, பிடித்தம் இல்லை. எனவே மறு ஆண்டு, குழுமத்தைச் சேர்ந்த எக்வடார் நாட்டுப் பீர் ஆலையின் கீழ் ஹோண்டுராஸில் ஒரு கம்பெனியை வைத்து, அந்த நோட்டை அதன் பேருக்கு மாற்றினார்கள். பதிலுக்கு அந்தக் கம்பெனி ஒன்பது நோட்டு எழுதிக் கொடுத்தது. ஒவ்வொன்றும் 2,50,000 டாலர், வட்டி 4 சதவீதம்.

கூட்டிப் பாருங்க. ஒன்பது இரண்டரை லட்சம், இருபத்திரண்டரை லட்சம். உள்ளே வருவது நாலு வட்டி, வெளியே போவது நாலு வட்டி. நடுவில் இருப்பவருக்கு ஒரு காசு மிச்சமில்லை. நாலு ரூபாய்க்கு வாங்கி நாலு ரூபாய்க்கே விற்கிற வியாபாரியை எந்தக் கடைத்தெருவிலாவது பார்த்ததுண்டா?

நீதிமன்றமும் இதையேதான் கேட்டது. ஒப்பந்தத்தில் 'பெறுதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு தொகை கைக்கு வந்துபோவது மட்டும் பெறுதல் ஆகாது; அதைத் தன்னுடையதாக ஆளும் உரிமையும் வேண்டும். வாங்கிய வட்டியை அப்படியே கொடுத்தாக வேண்டிய கம்பெனி அதைப் 'பெற்றதாக' ஆகாது என்று தீர்ப்பாயிற்று. கடன் உண்மையானது, கம்பெனி சட்டப்படி அமைந்தது, நோட்டு செல்லும். அப்படியிருந்தும் சலுகை இல்லை. தகப்பனார் மண்டியில் சொன்னதைச் சட்டப் பாஷையில் படித்தது போல் இருந்தது எனக்கு.

நூடுல்ஸ் கம்பெனி சொன்ன உண்மை

நேர்மாறான ஒரு வேடிக்கையும் நடந்தது. இந்தோனேசியாவில் நூடுல்ஸுக்குப் பேர் போன இந்தோஃபூட் நிறுவனம், 2002-ல் 28 கோடி டாலர் கடன் பத்திரத்தை மொரீஷியஸில் ஒரு துணை நிறுவனம் வழியாக வெளியிட்டது. இந்தோனேசியாவிலிருந்து வெளியே போகும் வட்டிக்கு 20 சதவீதம் பிடித்தம். மொரீஷியஸ் ஒப்பந்தப்படி 10. ஆனால் 2005 தொடக்கத்திலிருந்து அந்த ஒப்பந்தத்தை இந்தோனேசியா முடித்துக்கொண்டது.

அதற்குள் சந்தையில் வட்டி இறங்கியிருந்தது. வரிச் சட்டம் மாறி, நியாயமான மாற்று வழி எதுவும் இல்லாவிட்டால் பத்திரத்தை முன்கூட்டியே அடைத்துவிடலாம் என்று பத்திரத்தில் ஷரத்து இருந்தது. கம்பெனி அடைக்க விரும்பியது. அதிக வட்டியை இழக்க மனமில்லாத பத்திரதாரர்களின் தர்மகர்த்தா, "நெதர்லாந்தில் இன்னொரு கம்பெனியை நடுவே வையுங்கள், பிடித்தம் குறையும்" என்றார். இப்போது கம்பெனியே எழுந்து, "அப்படி நடுவில் வைக்கும் கம்பெனி வட்டியின் உண்மையான பயனுரிமையாளர் ஆகாதே" என்று வாதாடிற்று! 2006 மார்ச்சில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. வந்த வட்டியை அப்படியே பத்திரதாரருக்குக் கொடுத்தாக வேண்டிய கம்பெனிக்கு அதில் பயனுரிமை இல்லை என்றது.

தனக்கு லாபம் என்றால் வாய்க்கால், தன்னை வாய்க்கால் என்று ஒப்புக்கொள்ளும். மற்ற நேரத்தில் தான் ஏரி என்று சொல்லும்.

நானும் ஒருமுறை

இந்தியாவுக்கு வருமுன் ஒரு ஒப்புதல். எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். வரலாறு எழுதுகிறவன் தன் பேரேட்டை மறைப்பது சரியல்ல என்பதால் எழுதுகிறேன்.

1986-ல் இங்கே, அன்றைய பம்பாயில், நான் கடை போட்ட புதிது. தெரிந்த மொத்த வியாபாரி ஒருவர் 50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து, "உங்க கணக்கில வரவு வச்சு, எனக்குக் கடனா ஒரு செக் கொடுங்க" என்றார். காலையில் வந்தது, மாலையில் போயிற்று. எனக்கு 250 ரூபாய். உதவிதானே என்று நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அவருடைய கணக்கை ஆராய்ந்த வரி அதிகாரி என்னை அழைத்தார். அவர் கேட்டது மூன்று கேள்வி. நீர் யார்? இவ்வளவு கடன் கொடுக்க உமக்குச் சக்தி உண்டா? இந்தக் கடன் மெய்யானதா? 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் நீதிமன்றங்கள் வகுத்த மூன்று சோதனைகள் அவை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. அந்தத் தொகை நண்பரின் வருமானத்தில் சேர்க்கப்பட்டது. என் பேரேடு பல மாதம் அவர்கள் வசம் கிடந்தது. தகப்பனார் கடிதத்தில் ஒரே வரி எழுதினார், யார் கணக்கில் எழுதினாய் என்று. அதற்கு நான் பதில் எழுதவில்லை.

அதிகாரி செய்தது சரி. இன்றும் அதைத்தான் சொல்வேன். என் கேள்வி வேறு: இதே மூன்று கேள்வி எல்லாரிடமும் கேட்கப்பட்டதா?

மொரீஷியஸ் வழி

மொரீஷியஸ் நமக்கு அந்நியமான தீவு அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனாரும் தச்சரும் போய்க் கட்டிய ஊர். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு. 1982-ல் இந்தியா அந்நாட்டோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியக் கம்பெனிப் பங்கை மொரீஷியஸ்வாசி விற்று லாபம் பார்த்தால் வரி விதிக்கும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே. அங்கோ அந்த லாபத்துக்கு வரி கிடையாது. 1991-ல் நம் பொருளாதாரக் கதவு திறந்தது. 1992-ல் மொரீஷியஸ் வெளிநாட்டு வணிகத்துக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதன்பிறகு அமெரிக்க, ஐரோப்பியப் பணம் அந்தத் தீவின் முகவரி ஒட்டிக்கொண்டு இந்தியாவுக்குள் வந்தது. கடன் பத்திரத்துக்குக் குராசோ செய்ததைப் பங்கு முதலீட்டுக்கு இத்தீவு செய்தது எனலாம்.

2000-ல் வரி அதிகாரிகள் சிலர், "நீங்கள் உண்மையில் மொரீஷியஸ்காரர்தானா?" என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். பங்குச் சந்தை ஆட்டம் கண்டது. 2000 ஏப்ரல் 13 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 789-ஆம் சுற்றறிக்கை விட்டது. மொரீஷியஸ் அரசு கொடுக்கும் வசிப்பிடச் சான்றிதழ் ஒன்று போதும். வசிப்பிடத்துக்கும் பயனுரிமைக்கும் அதுவே சாட்சி என்றது. என்னிடம் கேட்ட மூன்று கேள்விகளில் முதலாவது மட்டும் அங்கே கேட்கப்படும். அதற்கும் பதிலை அடுத்த நாட்டு அரசே எழுதிக் கொடுக்கும்.

தில்லி உயர் நீதிமன்றம் 2002-ல் இச்சுற்றறிக்கையை ரத்து செய்தது. 'ஆஸாதி பச்சாவோ ஆந்தோலன்' வழக்கில் 2003 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. வளரும் நாட்டுக்கு அந்நிய மூலதனம் வேண்டும். அதற்காக அரசு ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வழியைத் தெரிந்தே விட்டுவைக்கலாம். அது அரசின் கொள்கை, நீதிமன்றம் கை வைக்காது என்பது தீர்ப்பின் சாரம். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பலமுறை படித்தபின், நீதிபதிகள் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

2007-ல் வோடஃபோன், கேமன் தீவுக் கம்பெனியின் ஒற்றைப் பங்கை வாங்கி, இந்திய செல்போன் நிறுவனத்தில் சுமார் 67 சதவீதத்தைச் சுமார் 1,100 கோடி டாலருக்குத் தன் வசப்படுத்தியது. இது வட்டிக் கடன் வாய்க்கால் அல்ல, உடைமை வாய்க்கால். ஆயினும் கேள்வி அதுவேதான். 2012 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. அதே ஆண்டு அரசு முன்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2020-ல் ஹேக் நடுவர் தீர்ப்பு அரசுக்கு எதிராக வந்தது. 2021-ல் அந்த முன்தேதி வரியை அரசே விலக்கிக்கொண்டது. மொரீஷியஸ் மடையோ 2016 மே 10 அன்று கையெழுத்தான திருத்தத்தால் பெரும்பாலும் அடைபட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கும் பங்குகளின் லாபத்துக்கு இந்தியா வரி விதிக்கலாம் என்று ஆயிற்று. வெள்ளம் முடிந்த பிறகு மதகை இறக்கினார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. நாட்டுக்குப் பணம் தேவைப்பட்ட காலத்தில் வந்ததே என்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

மடையைத் திறந்தது யார்?

இக்கதைகளை வரிசையில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான். நாம் இதைக் கள்வன், காவலன் கதையாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கம்பெனி ஓட்டை கண்டுபிடிக்கிறது, அரசு ஏமாறுகிறது என்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குராசோவை ஓடவிட்டது மலிவான கடன் வேண்டியிருந்த அமெரிக்கா. மொரீஷியஸை ஓடவிட்டது மூலதனம் வேண்டியிருந்த இந்தியா. வேண்டாம் என்று தோன்றிய நாளில், இருபது முப்பது ஆண்டு முடியாது என்று சொன்ன காரியம் ஒரே சட்டத் திருத்தத்தில் முடிந்தது. இந்தோனேசியா ஒரு கடிதத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. நெதர்லாந்து, வரியில்லாத ஊர்களுக்குத் தன் வழியாகப் போகும் வட்டிக்கும் காப்புரிமைத் தொகைக்கும் 2021 ஜனவரி 1 முதல் பிடித்தம் போட்டது. வாய்க்காலுக்கு மதகு எப்போதும் அரசின் கையில்தான் இருந்தது.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிதித் துணை நிறுவனம் எல்லாமே பொய் அல்ல. பல நாட்டில் தொழில் செய்கிறவருக்கு ஒரே இடத்தில் பணத்தைத் திரட்டிப் பங்கிட ஒரு கருவூலம் வேண்டும். ஃபியட் கார் நிறுவனத்துக்கு லக்ஸம்பர்க்கில் அப்படி ஒன்று இருந்தது. அதற்குச் சட்டவிரோதச் சலுகை கிடைத்ததாக ஐரோப்பிய ஆணையம் 2015-ல் சொன்னதை, 2022 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபக்கம், டென்மார்க்கிலிருந்து லக்ஸம்பர்க் வழியாகப் போன வட்டி, லாபப் பங்கு வழக்குகளில் அதே நீதிமன்றம் 2019 பிப்ரவரியில், வெறும் வழிப்போக்கராக நிற்கும் கம்பெனிக்குச் சலுகை மறுக்கலாம் என்றது. ஆக, ஒவ்வொரு பேரேட்டையும் திறந்துதான் பார்க்க வேண்டும். பெயரைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

அளவு எவ்வளவு? சர்வதேச நிதியத்தின் வெளியீட்டில் 2019-ல் வந்த ஆய்வு ஒன்று, உலகின் அந்நிய நேரடி முதலீட்டில் ஏறக்குறைய 40 சதவீதம், அதாவது 15 லட்சம் கோடி டாலர், உண்மைத் தொழில் எதுவும் இல்லாத வெற்றுக் கம்பெனிகள் வழியே போகிற நிழல் முதலீடு என்றது. அப்போது சுமார் 6 லட்சம் பேர் வாழ்ந்த லக்ஸம்பர்க்கில் மட்டும் 4 லட்சம் கோடி டாலர் முதலீடு கணக்கில் நின்றது. அந்த நாட்டில் நிற்கவில்லை, கணக்கில் நின்றது.

சமண இல்லறத்தாருக்குச் சொல்லப்பட்ட ஐந்து அணுவிரதங்களில் மூன்றாவது கள்ளாமை. அதற்கு வரும் ஐந்து குற்றங்களை உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் எண்ணுகிறார். திருட்டைத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசின் விதியை மீறி வாணிபம் செய்வது, அளவையில் கூட்டிக் குறைப்பது என்பன நான்கு. ஐந்தாவது, 'பிரதிரூபக வியவகாரம்': ஒன்றைப் போலத் தோன்றும் இன்னொன்றை வைத்து வியாபாரம் செய்வது. உரையாசிரியர்கள் இதற்குப் போலிச் சரக்கை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அந்த 50,000 ரூபாய் நினைவுக்கு வரும். கடன் போலத் தோன்றிய ஒன்று, கடன் அல்ல. வாய்க்கால் கம்பெனியும் சட்டத்தை மீறவில்லை என்று காட்டிவிடலாம், அதாவது மூன்றாவது குற்றத்திலிருந்து தப்பிவிடலாம். ஐந்தாவதற்கு அதனிடம் பதில் உண்டா? அதை ஓடவிட்ட அரசுக்குத்தான் பதில் உண்டா?

சிறு வியாபாரியிடம் மூன்று கேள்வி கேட்பது நியாயம். அந்த மூன்றையும் பேசலிலும் குராசோவிலும் போர்ட் லூயிஸிலும் கேட்டால்தான் அது முழு நியாயம். தகப்பனார் மண்டி மூடிப் பல வருஷம் ஆகிறது. அவர் எழுதிய பேரேடுகளில் இரண்டு என்னிடம் இருக்கின்றன. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை குடியானவர் பெயர்கள். எந்த மூட்டை யாருடையது என்று இன்றும் சொல்ல முடிகிறது.